7 சதவீதத்துல நின்ன அன்னிக்கு கத்துக்கிட்டது

எலக்ட்ரிக் கார் வாங்கி எட்டு மாசம் ஆச்சு, அந்த எட்டு மாசத்துல ஒரு தடவை கூட நான் பப்ளிக் சார்ஜர் பக்கம் தலை வச்சு படுத்ததில்ல. ராத்திரி வீட்ல சொருகிட்டு தூங்கினா காலைல ஃபுல்லா இருக்கும், ஆபீஸ், வீடு, கடைகண்ணி, அவ்வளவுதான் வண்டியோட உலகம். அதனால எனக்கு எலக்ட்ரிக் கார் பத்தி எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு, யாராவது "லாங் போக முடியுமா"ன்னு கேட்டா "அதெல்லாம் இப்ப வழிபூரா சார்ஜர் வந்துடுச்சு"ன்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டு இருந்தேன். போன மாசம் 520 கிலோமீட்டர் தனியா ஓட்ட வேண்டி வந்துச்சு. அக்காவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன், மத்தியானம் 3 மணிக்கு டிஸ்சார்ஜ், நானே வந்து வீட்டுக்கு கூட்டிட்டு போறேன்னு வாக்கு குடுத்திருந்தேன். பெட்ரோல் வண்டியா இருந்தா நடுவுல நின்னு சாப்பிட்டு போனாலும் எட்டரை மணி நேரத்துல போயிடலாம், காலைல அஞ்சரைக்கு கிளம்பினா தாராளம்னு கணக்கு. போய் சேர்ந்தது ராத்திரி எட்டே காலுக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

என் வண்டில 45 யூனிட் பேட்டரி, அதாவது 45 கிலோவாட் அவர். கம்பெனி சொன்ன ரேஞ்சு 420 கிலோமீட்டர், ஊருக்குள்ள ஓட்டும்போது நான் 330 வரைக்கும் கண்ணால பார்த்திருக்கேன். ஆப்ல பார்த்தா 240வது கிலோமீட்டர்ல ஒரு ஃபாஸ்ட் சார்ஜர், பச்சை கலர்ல "அவைலபிள்"னு காட்டுது. 330 போற வண்டிக்கு 240 ஒரு தூரமான்னு நெனச்சு வேற எதையும் பார்க்கல. 100 சதவீதத்தோட கிளம்பினேன், ரோடு காலியா இருந்துச்சு, 110ல போட்டேன், உள்ள ஏசி, பாட்டு, ராஜா மாதிரி போயிட்டு இருக்கேன். 180 கிலோமீட்டர் தாண்டினப்ப பார்த்தா 24 சதவீதம். எனக்கு புரியவே இல்ல, வண்டில ஏதோ கோளாறுன்னுதான் முதல்ல நெனச்சேன்.

கோளாறு வண்டில இல்ல, என் கால்ல. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல இருந்து 110க்கு போனா எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பெட்ரோல் வண்டிலயும் இதே கதைதான், ஆனா அங்க வழிபூரா பங்க் இருக்கிறதால நாம கண்டுக்கிறதில்ல. போதாக்குறைக்கு ஊருக்குள்ள பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரண்ட் திரும்ப பேட்டரிக்கு போகும், ஹைவேல பிரேக்கே பிடிக்கலன்னா திரும்ப வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. 80ல போனா என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் சாப்பிடும், அன்னிக்கு 19 யூனிட் சாப்பிட்டுச்சு. அந்த 19ஐ வச்சு வகுத்து பாருங்க, முழு பேட்டரிக்கும் 237 கிலோமீட்டர்தான், சார்ஜர் இருக்கிறது 240ல. இதுல இன்னொரு விஷயம், மீட்டர்ல "இன்னும் இவ்வளவு கிலோமீட்டர் போகும்"னு ஒரு நம்பர் காட்டும் பாருங்க, அது ஜோசியம். இதுவரைக்கும் நீங்க ஓட்டின விதத்தை வச்சு சொல்ற கணிப்பு. எட்டு மாசம் ஊருக்குள்ள உருட்டின எனக்கு அது கிளம்பும்போது 320ன்னு காட்டுச்சு, நானும் நம்பினேன். லாங் போறப்ப அந்த நம்பரை மறந்துடுங்க. 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் போகுதுன்னு வண்டி ஸ்கிரீன்ல எங்கயாவது இருக்கும், அதை எடுத்து முன்னாடி வச்சுக்கோங்க, முதல் 30 கிலோமீட்டர்லயே உண்மை தெரிஞ்சுடும்.

ஏசிய அணைச்சேன், ஜன்னலை லேசா இறக்கினேன், இடது ஓரமா 65ல உருட்ட ஆரம்பிச்சேன். பின்னாடி வர்ற லாரியெல்லாம் ஹாரன் அடிச்சிட்டு தாண்டி போகுது. வேர்த்து சட்டை சீட்டோட ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் வயித்துக்குள்ள ஏதோ உருளுது. எட்டரைக்கு மேல அந்த சார்ஜர் இருந்த இடத்துக்குள்ள வண்டியை திருப்பினப்ப 7 சதவீதம். அப்பாடான்னு ஒரு பெருமூச்சு விட்டேன், அதை விட்டிருக்கக் கூடாது.

சார்ஜர் ஸ்கிரீன்ல சிவப்பு எழுத்து, சர்வீஸ்ல இல்லைன்னு. கையில இருக்கிற ஆப்ல இன்னும் பச்சை. அந்த ரெண்டையும் மாத்தி மாத்தி பார்த்துட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். சார்ஜர் நெட்வொர்க்கோட பேசி தன்னோட நிலைமையை சொன்னாத்தான் ஆப்புக்கு தெரியும், நடுவுல தொடர்பு அறுந்துட்டா சில ஆப் கடைசியா வந்த தகவலையே காட்டிட்டு இருக்கும்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சரி எதுக்கும் முயற்சி பண்ணுவோம்னு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா, முதல்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணுன்னுது, ஓடிபி வர மாட்டேங்குது, வந்ததும் வாலட்ல குறைஞ்சபட்சம் இவ்வளவு போட்டாத்தான் ஆச்சுன்னுது, போட்டேன். ஸ்டார்ட் அமுக்கினா சுத்திட்டே இருந்து ஃபெயில். ரெண்டாவது தடவையும் ஃபெயில், ஆனா ரெண்டு தடவைக்கும் வாலட்ல இருந்து பணத்தை ஹோல்டு பண்ணிட்டான். அது திரும்ப வர ஒன்பது நாள் ஆச்சு, மிச்சப் பணம் இன்னும் அந்த ஆப்லயேதான் கிடக்கு.

கஸ்டமர் கேர்ல முதல் கேள்வி "சார்ஜர் ஐடி சொல்லுங்க சார்". ஐடி எழுதின ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு கிடக்கு. நகத்தால தூசியை சுரண்டி ஒவ்வொரு எழுத்தா படிச்சேன். அவங்க அங்கிருந்தே ரீஸ்டார்ட் பண்ணாங்க, ஸ்கிரீன் அணைஞ்சு, உள்ள ஃபேன் உய்ங்னு சுத்தி, லைட் எல்லாம் எரிஞ்சு, மறுபடி சிவப்பு. இன்னொரு தடவை, மறுபடி சிவப்பு. "கம்ப்ளெயிண்ட் பதிவு பண்ணிட்டோம், டெக்னீஷியன் 48 மணி நேரத்துல வருவாரு"ன்னு சொன்னாரு அந்த தம்பி, பாவம் அவர் மேல கோவப்பட்டு என்ன ஆகப் போகுது. இந்த கூத்துல என் போன்லயும் 11 சதவீதம்தான் மிச்சம். ஆப் இல்லாம பெரும்பாலான சார்ஜர் ஓடாது, போன் செத்தா வண்டியும் செத்த மாதிரிதான், அது அப்பதான் உறைச்சுது. இப்பல்லாம் ஒரு பவர் பேங்க் டேஷ்போர்டுலயே கிடக்கு. சில கம்பெனி தட்டினா போதுங்கிற மாதிரி ஒரு ஆர்எஃப்ஐடி கார்டு தர்றாங்க, சிக்னல் இல்லாத இடத்துல அது உயிர் காக்கும், வாங்கி வச்சுக்கோங்க. அக்கவுண்ட், ஓடிபி, வாலட் எல்லாத்தையும் முந்தின நாளே வீட்ல உக்காந்து முடிச்சுடுங்க, வெயில்ல நின்னு ஃபார்ம் நிரப்புற வேலை வேணாம்.

அடுத்த ஃபாஸ்ட் சார்ஜர் 38 கிலோமீட்டர் தள்ளி. 7 சதவீதம்னா 3 யூனிட் சொச்சம், எறும்பு மாதிரி ஊர்ந்தாலும் 24 கிலோமீட்டருக்கு மேல தாங்காது. டோ பண்ண ஆளைக் கூப்பிடலாம்னா அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, எலக்ட்ரிக் வண்டியை கயிறு கட்டி இழுக்கக் கூடாது, மோட்டார் இருக்கிற சக்கரம் ரோட்டுல உருண்டா மோட்டார் கரண்ட் உற்பத்தி பண்ண ஆரம்பிச்சுடும், உள்ள இருக்கிறது கெட்டுப்போகலாம். முழு வண்டியையும் ஏத்துற ஃபிளாட்பெட்தான் வேணும். இன்சூரன்ஸ்ல ரோடு சைடு அசிஸ்டென்ஸ் எடுத்தவங்க அதுல ஃபிளாட்பெட் உண்டான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. நான் பார்த்ததில்ல.

ஒரே ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தேன், வண்டியோட வந்த போர்ட்டபிள் கேபிளை டிக்கிலயே போட்டு வச்சிருந்தேன். பக்கத்துல ஒரு பழைய லாட்ஜ், வாட்ச்மேன்கிட்ட போய் "அண்ணே, ஒரு ரெண்டு மணி நேரம் கரண்ட் வேணும், காசு குடுத்துடறேன்"னு கேட்டேன். அவர் என்னையும் வண்டியையும் பார்த்துட்டு உள்ள போய் ஓனர்கிட்ட கேட்டுட்டு வந்து வாசல் பக்கம் ஒரு சாக்கெட்டை காட்டினாரு. சொருகினா கேபிள் நடுவுல இருக்கிற அந்த டப்பால சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுது, வண்டி வாங்க மாட்டேங்குது. "ஃபேனெல்லாம் இதுலதான் சார் ஓடுது"ன்னு அவருக்கு ஆச்சரியம். ஃபேன் ஓடும், ஆனா எர்த் இல்லாத சாக்கெட்ல கார் சார்ஜ் ஆகாது, டப்பா செக் பண்ணிட்டு மறுத்துடும், அது நல்லதுக்குத்தான். பின்பக்கம் துணி துவைக்கிற மெஷின் ரூம்ல பெரிய பின் சாக்கெட் இருந்துச்சு, வண்டியை சுவரோட ஒட்டி ரிவர்ஸ் எடுத்து, ஜன்னல் கம்பி வழியா கேபிளை விட்டு சொருகினேன். ஒரு செகண்டு ஒண்ணும் இல்ல, அப்புறம் வண்டிக்குள்ள டக்குனு ஒரு சத்தம், டப்பால பச்சை. சத்தியமா சொல்றேன், கண்ல தண்ணி வந்துடுச்சு.

பச்சை வந்துச்சே தவிர, வேகம்? 3 கிலோவாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 3 யூனிட். ரெண்டு மணி இருவது நிமிஷம் உக்காந்து 13 சதவீதம் ஏத்தினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளக்கை தொட்டு பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கை வைக்க முடியாம சுட்டா உடனே நிறுத்திடணும், சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டு சொருகுற வேலையே வேணாம், உருகிடும். வாட்ச்மேன் அண்ணன் ஒரு சேர் கொண்டு வந்து போட்டாரு. அங்க உக்காந்துதான் அக்காவுக்கு போன் பண்ணி 3 மணிக்கு வர முடியாதுன்னு சொன்னேன். அவ திட்டல, "சரி பத்திரமா வா"ன்னா, திட்டியிருந்தா கூட தேவலாம்னு இருந்துச்சு.

அந்த சேர்ல உக்காந்து யோசிச்சப்பதான் நான் செஞ்ச தப்பு என்னன்னு புரிஞ்சுது. வேகமா ஓட்டினது ரெண்டாவது தப்பு. முதல் தப்பு, ஒரே ஒரு சார்ஜரை நம்பி கிளம்பினது. ஒரு சார்ஜருக்கு போய் சேரும்போது, அது செத்துக் கிடந்தா அதுக்கு அடுத்த சார்ஜர் வரைக்கும் போக பேட்டரில இருக்கணும். பிளான் போடும்போது முதல் சார்ஜரோட தூரத்தை பார்க்காதீங்க, அடுத்ததோட தூரத்தை பாருங்க. எனக்கு அன்னிக்கு பார்க்க வேண்டிய நம்பர் 240 இல்ல, 278. அதைப் பார்த்திருந்தா 150, 160லயே எங்கயாவது ஒரு கால் மணி நேரம் நின்னு ஏத்திட்டு போயிருப்பேன், மேப்ல அப்படி ரெண்டு இடம் இருந்துச்சு, வேணாம்னு தாண்டி வந்தவன் நான்தான்.

பன்னெண்டே முக்காலுக்கு அந்த 38 கிலோமீட்டரை உருட்டி முடிச்சேன், 9 சதவீதம். சார்ஜர் வேலை செய்யுது, ரெண்டு கன், அதாவது வண்டில சொருகுற கேபிள் முனை, ரெண்டுலயும் வண்டி. ஒரு வண்டில 94 சதவீதம்னு ஸ்கிரீன்ல தெரியுது, ஆளைக் காணோம், சாப்பிட போயிட்டாரு. 94ல இருந்து 100க்கு போறது ஆமை வேகம், பேட்டரி நிரம்ப நிரம்ப வண்டியே கரண்டை குறைச்சு குறைச்சுதான் வாங்கும், பொதுவா 80க்கு மேல இந்த கதை ஆரம்பிக்கும், அந்த கடைசி கொஞ்சத்துக்காக பின்னாடி நிக்கிறவன் காயணும். அம்பது நிமிஷம் காத்திருந்தேன். எனக்கு பின்னாடி இன்னொரு வண்டி வந்து நின்னுச்சு, ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், தனியா ஓட்டிட்டு வந்திருந்தாங்க. மூணு வருஷமா எலக்ட்ரிக்தானாம். என் மூஞ்சியை பார்த்துட்டு "முதல் லாங் டிரிப்பா தம்பி?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு நான் கத்துக்கிட்டதுல பாதி அவங்க சொல்லிக் குடுத்தது.

என் முறை வந்துச்சு, கன்னை சொருகி ஆப்ல ஸ்டார்ட் அமுக்கினா ஃபெயில். மறுபடி ஃபெயில். காலைல நடந்தது ஞாபகம் வந்து கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. அவங்க இறங்கி வந்து "கன்னை அடில இருந்து தூக்கி பிடிங்க, லாக் விழற சத்தம் கேக்குற வரைக்கும் விடாதீங்க"ன்னாங்க. கேபிளோட கனத்துல கன் தொங்கி லேசா சாய்ஞ்சுடுமாம். கரண்ட் வர்றதுக்கு முன்னாடி வண்டியும் சார்ஜரும் சின்ன பின் வழியா பேசிக்கும், எவ்வளவு வோல்டேஜ், எவ்வளவு ஆம்பியர், கசிவு எதாவது இருக்கான்னு பார்த்துக்கும், பின் சரியா உக்காரலன்னா பேச்சுவார்த்தை அங்கயே முறிஞ்சுடும். ரெண்டு கையால தூக்கி பிடிச்சேன், க்ளிக், ஓடிடுச்சு. மூணு தடவை முயற்சியும் வீணாப் போகாம ஒரு சின்ன வித்தை கிடைச்சுது.

"காலைல அந்த சார்ஜர்ல சிவப்பு பட்டனை பார்த்தீங்களா?"ன்னு அப்புறம் கேட்டாங்க. பெரும்பாலான ஃபாஸ்ட் சார்ஜர்ல பெரிய சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இருக்கும், யாராவது சின்ன பசங்க விளையாட்டா அமுக்கிட்டு போயிடுவாங்க, அது உள்ள போயிருந்தா சார்ஜர் ஃபால்ட்னே காட்டும், சுத்தி எந்த ஆபத்தும் இல்லைன்னு பார்த்துட்டு, கஸ்டமர் கேர்ல லைன்ல இருக்கும்போதே திருகி விட்டா பட்டன் வெளிய வந்து சார்ஜர் உயிர் பெறும்னாங்க. நான் பார்க்கவே இல்ல. மூணு மணி நேரத்தை ஒரு பட்டனுக்காக தொலைச்சேனோன்னு நெனச்சப்ப நெஞ்சு அடைச்சுது.

அந்த சார்ஜர் மேல 60 கிலோவாட்னு பெருசா எழுதியிருக்கு, என் வண்டிக்கு வந்தது 28. ரெண்டு கன்லயும் வண்டி இருந்தா 60ஐ ஆளுக்கு பாதியா பிரிச்சுக்கும், பக்கத்து கன் காலியாகற வரைக்கும் பாதிதான். தனியா நின்னாலும் 60 முழுசா வராது, என் வண்டி அதிகபட்சம் 50தான் வாங்கும், 240 கிலோவாட் சார்ஜர்ல கொண்டு போய் நிறுத்தினாலும் அதே 50. அதே மாதிரி ஏசி சார்ஜர்ல, அதாவது வீட்டு கரண்ட் மாதிரியே ஏசி கரண்ட் குடுக்கிற மெதுவான சார்ஜர்ல, 22 கிலோவாட்னு போட்டிருந்தா மயங்காதீங்க, ஏசில எவ்வளவு ஏறும்ங்கிறதை வண்டிக்குள்ள இருக்கிற சின்ன சார்ஜர்தான் தீர்மானிக்கும், என்னோடது 7.4தான். உங்க வண்டி டிசில, அதாவது ஃபாஸ்ட் சார்ஜர்ல எவ்வளவு, ஏசில எவ்வளவு, இந்த ரெண்டு நம்பரையும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. கன்னோட வகையும் ஊருக்கு ஊர் வேற, ஐரோப்பா பக்கமும் இந்தியாலயும் புது கார்ல பெரும்பாலும் சிசிஎஸ் 2, சீனால ஜிபி/டி, அமெரிக்கால இப்ப எல்லாரும் என்ஏசிஎஸ் பக்கம் மாறிட்டு இருக்காங்க, ஜப்பான்ல பிறந்த சேடமோ இன்னும் ஜப்பான்லயும், வெளிய சில பழைய வண்டிலயும் இருக்கு. வெளிநாட்டுல வாடகைக்கு எடுத்து ஓட்டுறவங்க முதல்ல இதை பாருங்க.

85 வரைக்கும் ஏத்தினேன், ஒன்றரை மணி நேரம். 80லயே எடுத்திருக்கணும், ஆனா அன்னிக்கு இருந்த பயத்துல கன்னை பிடுங்கவே மனசு வரல, பின்னாடி அந்த அம்மா காத்திருக்காங்கன்னு தெரிஞ்சும். 94ல விட்டுட்டு போனவரை திட்டின அதே வாய். கிளம்பும்போது மன்னிப்பு கேட்டேன், அவங்க சிரிச்சிட்டு ஒரு துண்டு பேப்பரை காட்டினாங்க, "அவசரம்னா கூப்பிடவும்"னு போன் நம்பரோட அவங்க டேஷ்போர்டுல எப்பவும் வச்சிருப்பாங்களாம், வண்டியை விட்டுட்டு எங்க போனாலும். இப்ப நானும் அப்படித்தான்.

அதுக்கப்புறம் 85 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டல. 120 கிலோமீட்டர் தள்ளி ஒரு சார்ஜர்ல 44 சதவீதம் இருக்கும்போதே நின்னேன், வெறும் அரை மணி நேரத்துல 80, அவ்வளவு சுலபமா முடிஞ்சுதேன்னு சந்தோஷத்துல கன்னை இழுத்தா வரல. லாக் ஆகிடுச்சு. தூறல் வேற. ஆப்ல ஸ்டாப், சாவில லாக், அன்லாக், மறுபடி லாக், அன்லாக், ம்ஹூம். இருவது நிமிஷம் கழிச்சு வண்டியோட மேனுவலை போன்ல தேடி படிச்சா, டிக்கிக்குள்ள ஓரத்து மூடியை கழட்டினா ஒரு கயிறு இருக்கும், இழுத்தா லாக் கையால விடும்னு இருக்கு. நிறைய வண்டில இப்படி ஒண்ணு வச்சிருப்பாங்க, இடம்தான் மாறும். டார்ச் அடிச்சு தேடி இழுத்தேன், டொக்குனு வந்துடுச்சு. உங்க வண்டில அது எங்க இருக்குன்னு இன்னிக்கே போய் பார்த்துடுங்க, இருட்டுல மழைல முதல் தடவை தேடாதீங்க.

எட்டே காலுக்கு அக்கா வீட்டு வாசல்ல நின்னேன். அவ ஹாஸ்பிடல் ரிசப்ஷன்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்து பார்த்துட்டு, தையல் போட்ட வயித்தோட டாக்ஸி பிடிச்சு வந்திருக்கா. கதவைத் திறந்து என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு "நீ காரை ஓட்டிட்டு வந்தியா, இல்ல தள்ளிட்டு வந்தியா"ன்னா. சிரிச்சேன், ஆனா அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல. நேரத்துல ஆறு மணி நேரம் போச்சு. பணம்னு பார்த்தா, வெளிய ஃபாஸ்ட் சார்ஜ் பண்ணதுக்கு ஒரு யூனிட்டுக்கு வீட்ல ஆகுறதை விட ரெண்டரை மடங்குக்கு மேல ஆச்சு, லாட்ஜ்க்கு குடுத்தது, ஆப்ல முடங்கினது, அவளோட டாக்ஸி, எல்லாம் சேர்த்தா பெட்ரோல் வண்டில போயிருந்தா ஆகிற செலவை தாண்டிடுச்சு.

நாலு நாள் கழிச்சு திரும்பி வந்தேன், முந்தின நாள் ராத்திரியே உக்காந்து பிளான் போட்டேன். "ஏ பெட்டர் ரூட் பிளானர்"னு ஒரு ஆப்ல வண்டி மாடல், வேகம் எல்லாம் குடுத்தா எங்க நிக்கணும், எவ்வளவு ஏத்தணும்னு சொல்லுது. பிளக்‌ஷேர்னு இன்னொரு ஆப்ல ஒவ்வொரு சார்ஜர்லயும் மத்தவங்க போட்ட கமெண்ட் இருக்கு, கடைசியா யார் எப்ப வெற்றிகரமா சார்ஜ் பண்ணாங்கன்னு தேதியோட. பச்சைப் புள்ளியை விட அந்த தேதிதான் முக்கியம், நேத்து ஒருத்தர் பண்ணியிருந்தா நம்பலாம், கடைசி கமெண்ட் ரெண்டு மாசம் பழசுன்னா அதை கணக்குலயே எடுத்துக்கல. ஒரு இடம் 24 மணி நேரம்னு போட்டிருந்துச்சு, போன் பண்ணி கேட்டா "நைட் எட்டு மணிக்கு கேட் பூட்டிடுவோம் சார்"ங்கிறாங்க, ஷோரூம் காம்பவுண்டுக்குள்ள இருக்கிற சார்ஜர் அது. ஒரே ஒரு சார்ஜர் இருக்கிற இடத்தை விட நாலஞ்சு கன் இருக்கிற இடமா தேர்ந்தெடுத்தேன், பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும். 30 சதவீதத்துக்கு கீழ இறங்க விடாம மூணு தடவை நின்னேன், ஒவ்வொண்ணும் அரை மணி நேரத்துக்குள்ள. ஒரு இடத்துல ஃபால்ட் காட்டுச்சு, போய் பார்த்தா சிவப்பு பட்டன் உள்ள போயிருக்கு! கஸ்டமர் கேருக்கு போன் போட்டு சொல்லிட்டு திருகினேன், ஸ்கிரீன் உயிர் வந்துச்சு, சுத்தி யாரும் இல்லாததால கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன். மொத்தம் ஒன்பதே முக்கால் மணி நேரத்துல வீடு.

நடுவுல அந்த முதல் சார்ஜர் இருந்த இடத்துல வேணும்னே நிறுத்தினேன், பேட்டரில 46 இருந்துச்சு, தேவையே இல்ல, அந்த பட்டன் விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பட்டன் வெளியதான் இருந்துச்சு, ஒழுங்கா. சார்ஜர்தான் நிஜமாவே செத்துக் கிடக்கு, அதே சிவப்பு எழுத்து, ஆப்ல அதே பச்சை. போட்டோ எடுத்து தேதியோட கமெண்ட் போட்டுட்டு லாட்ஜ் பக்கம் போனேன். வாட்ச்மேன் அண்ணன் தூரத்துலயே பார்த்துட்டு "என்ன சார், மறுபடியுமா?"ன்னு சேரை எடுக்க போயிட்டாரு. இல்லண்ணே, சும்மா உங்களை பார்த்துட்டு போலாம்னு வந்தேன்னேன். "நீங்க போனதுக்கப்புறம் இன்னும் ரெண்டு வண்டி வந்துச்சு சார், இதே மாதிரி வேர்த்து விறுவிறுத்து. ஓனர் இப்ப அந்த ரூம் சாக்கெட்டுக்கு தனியா ஒரு மீட்டர் போடலாமான்னு கேட்டுட்டு இருக்காரு"ன்னாரு.